சொந்தப் பொருள் நோட்டு

ஆறரை மணிக்கு ஜவுளிக்கடையின் பின்வாசலில் குடோன் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தூக்குவாளியைத் திறந்து காட்ட வேண்டும், இரண்டு கையையும் தூக்க வேண்டும். சட்டைக்குள் சேலை எதையும் சுருட்டி வைக்கவில்லை என்று தடவிப் பார்த்த பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள். முதலாளி வீட்டு ஆட்கள் முன்வாசல் வழியாகப் போவார்கள். அவர்களை யாரும் தடவுவதில்லை.

சுடலைக்கண்ணுவுக்கு முன்னால் ஆறு பேர். இடது கையை வயிற்றோரம் வைத்துக்கொண்டு நின்றார். சட்டைக்கு அடியில் பை நிறைந்து கனத்தது. மூன்று மணிக்கே கக்கூசுக்குப் போய்க் காலி செய்திருக்க வேண்டும். சூரத் லோடு வந்துவிட்டதால் விடவில்லை.

சித்திரை மாதம் அவருக்குக் குடல் அடைத்துக்கொண்டது. அறுத்து ஒட்டினார்கள். ஒட்டின இடம் ஐந்தாம் நாள் விட்டுப்போய் வயிறெல்லாம் சீழ். மறுபடி அறுத்தார்கள். கண் விழித்தபோது தொப்புளுக்கு இடப்பக்கம் குடலின் நுனி வெளியே இருந்தது. அதன்மேல் ஒரு பையை ஒட்டியிருந்தார்கள். மூன்று மாதத்தில் உள்ளே வைத்துத் தைத்துவிடலாம் என்றார்கள். புண் ஆறாமல் போகவே இன்னும் ஆறு மாதம் என்றார்கள். அவர் அதையும் நம்பவில்லை. கடையில் குடல் ஆபரேஷன் என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்கு வந்தார். பையோடு இருக்கிறவனைத் துணி தொடுகிற வேலைக்கு எவன் வைத்துக்கொள்வான்?

விஷயம் தெரிந்தது ஒரே ஆளுக்கு. கேட்டில் தடவுகிற பாக்கியசீலன். திரும்பி வந்த முதல் நாள் சாயங்காலம் அவர் கை இடப்பக்கம் பட்டது. வெதுவெதுப்பாக ஏதோ நெளிந்திருக்க வேண்டும். கையை எடுத்துக்கொண்டு சுடலைக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார். "போவும் வே" என்றார். அன்றிலிருந்து அவர் கை வலப்பக்கத்தோடு நின்றுவிடும். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்ன அண்ணாச்சி" என்று பின்னாலிருந்து ஹெப்ரான் கேட்டான். குடோனில் மூட்டை அடுக்குகிறவன். "எங்களையெல்லாம் புரோட்டா மாவு மாதிரி பெசையுதாரு. உமக்கு மட்டும் பாதி தடவலா?"

வரிசை சிரித்தது.

"எம் பங்கையும் சேத்து நீயே வாங்கிக்கோலே" என்றார் சுடலைக்கண்ணு.

அவர் முறை வந்தது. பாக்கியசீலனின் கை வலது இடுப்பில் இறங்கியபோது, பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் கணேஷ்ராம் வந்தான். கையில் செல்போன்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க."

அறைக்குள் போனதும் போனை மேஜையில் வைத்தான். கேட்டுக் கேமராவில் பிடித்த படம் அதில் ஓடியது.

"பதினோரு நாளு பாத்துட்டேன். எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் கை போவுது. இவருக்கு மட்டும் இடப்பக்கம் போவல. இந்த மாசம் நாலு பட்டுச்சேலையக் காணும். எப்பருந்து நடக்குது இது?"

"மறந்திருப்பேன் சார்" என்றார் பாக்கியசீலன்.

"பதினோரு நாளுமா மறப்பீரு?"

பாக்கியசீலன் சுவரைப் பார்த்தார்.

"சரி. ஸ்டேஷன்ல போயி ஞாபகப்படுத்திக்கிடும்."

பையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் பாக்கியசீலன் தப்பித்துவிடலாம். சொல்லவில்லை. சுடலைக்கண்ணு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். மேலிருந்து நான்கும் அவிழ்த்து, பனியனைத் தூக்கிப் பிடித்தார்.

பை உப்பிப்போய் வேட்டிக் கட்டின்மேல் சரிந்து கிடந்தது. ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றித் தோல் வெந்து போயிருந்தது. பைக்குள்ளே நெல்லிக்காய் அளவில் ரத்தச் சிவப்பாகக் குடல். அது ஒருமுறை சுருங்கி விரிந்தது. சத்தமும் வந்தது.

கணேஷ்ராம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். கைக்குட்டை மூக்குக்குப் போனது.

"மூடும். மூடும். இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா வேல குடுத்திருப்பீயளா சார்?"

"முதலாளிகிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றான் கணேஷ்ராம்.

மறுநாள் காலையில் சொன்னான். வேலை உண்டு. ஆனால் ஆட்கள் கொண்டு வருகிற செல், குடை எல்லாம் கேட்டிலுள்ள சொந்தப் பொருள் நோட்டில் ஏறுவது போல வயிற்றுப் பையும் ஏற வேண்டும். காலையில் காட்டி எழுத வேண்டும், போகும்போது காட்டி டிக் அடிக்க வேண்டும். "உமக்கும் நல்லதுதான். ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க."

பாக்கியசீலனை வெயிலில் பைக் ஸ்டாண்டுக்கு மாற்றிவிட்டார்கள். கேட்டில் அவர் இடத்தில் இப்போது ஹெப்ரான் உட்கார்ந்திருந்தான். நேற்றுச் சிரித்த வாய் இன்று மூடியிருந்தது.

"தூக்குவாளி ஒண்ணு. செல்லு ஒண்ணு." பேனா நின்றது. "இத எத்தனைன்னு போட அண்ணாச்சி?"

"ஒட்டினது ஒண்ணு. மாத்து ஒண்ணு. ரெண்டுன்னு போடு."

மத்தியானம் பண்டலைத் தூக்கி இறக்கும்போது பையின் ஓரம் கிளம்பிவிட்டது. பனியனில் ஈரம் படிந்தது. கக்கூசுக்குப் போய்க் கழுவி மாற்றுப் பையை ஒட்டிக்கொண்டார். பழையதைப் பேப்பரில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

சாயங்காலம் சட்டையைத் தூக்கிக் காட்டினார். ஹெப்ரான் நோட்டில் விரலை வைத்தான்.

"காலையில ரெண்டுல்லா இருக்கு?"

"ஒண்ண மாத்திட்டேன். கக்கூஸ் தொட்டில கெடக்கு."

"எழுதுன பொருளு வெளிய போவணுமாம் அண்ணாச்சி. கொறஞ்சா எங்கிட்ட கேப்பாவ." தலைக்கு மேலே கேமராவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். "நான் என்ன செய்ய?"

பின்னால் நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

சுடலைக்கண்ணு மாடிக் கக்கூசுக்கு ஏறிப் போனார். தொட்டிக்குள் கையை விட்டுத் தேடி எடுத்து வந்தார். கேமராவுக்குக் கீழே பேப்பரைப் பிரித்துப் பிடித்தார். ஹெப்ரான் முகத்தைத் திருப்பியபடியே இரண்டுக்கு நேரே டிக் அடித்தான்.

"இதத் திரும்ப அதுலயே போட்டுட்டு வந்திருதேன்."

"வெளிய போனதா அடிச்சாச்சி அண்ணாச்சி."

கேட்டு திறந்தது. பஸ் ஸ்டாப்பில் குப்பைத் தொட்டி இல்லை. ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் பொட்டலமுமாக நின்றார். அவர் ஊர் பஸ் வந்தது. கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினார்கள். அவர் ஓரமாக ஒதுங்கி அந்தப் பஸ்ஸை விட்டார். அடுத்ததையும் விட்டார்.