நாற்பது டிகிரி அறையில் நூறு நாள்

காலை ஆறு மணிக்கு அந்த அறைக் கதவைச் சாத்தினால் ஏழரைக்குத்தான் திறப்பார்கள். நான்கு மூலையிலும் ஹீட்டர். சுவரில் நாற்பது டிகிரி என்று சிவப்பு எழுத்தில் காட்டும் கருவி. முன்னால் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. பத்து நிமிடத்தில் அதில் ஆவி படர்ந்துவிடும், அப்புறம் யாருக்கும் தன் முகம் தெரியாது. பதினெட்டுப் பேர் வியர்வை சொட்டச் சொட்ட வளைவார்கள், நிமிர்வார்கள். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது. தலை சுற்றினால் உட்காரலாம், கதவைத் திறந்தால் சூடு போய்விடும் என்பார் பயிற்சியாளர். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இரண்டாம் வரிசையின் ஓரத்துப் பாய் கொக்கியுடையது. கொக்கி என்பது அவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர். ஆயுள் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. நோய் உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று யாராவது எழுதியிருந்தால் அவள் லேசில் விடமாட்டாள். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, போன வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கம் போனீர்களா என்று கொக்கி போட்டுக்கொண்டே போவாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதி நழுவப் பார்ப்பவர்களை ஒரே பார்வையில் பிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் தன் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்தியிருந்தாள். முதுகுவலிக்காகத்தான் இந்தச் சூட்டு யோகாவில் சேர்ந்தாள். வலி போயிற்று, தூக்கம் வந்தது. சேர்ந்த எட்டாவது மாதம் நாள் தள்ளிப் போயிற்று. இந்த அறைதான் தனக்குப் பிள்ளை வரம் கொடுத்தது என்று அவள் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. கொடுத்ததை விட்டால் கிடைத்ததும் போய்விடுமோ என்று பயந்தாள்.

போதாக்குறைக்கு வரவேற்பறைச் சுவரில் ஒரு பலகை. வந்த ஒவ்வொரு நாளுக்கும் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் ஒட்டுவார்கள். இலக்கு நூறு நாள். ஒரு நாள் தவறினாலும் வரிசை முழுவதையும் பிய்த்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். குளியலறையில் சோதனைக் குச்சியில் இரண்டு கோடு பார்த்த அன்று அவளுக்கு அறுபத்தோரு நட்சத்திரம்.

மறுநாளே டாக்டரம்மாவைப் பார்த்தாள். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள்.

“யோகா பண்றேன் டாக்டர். தொடர்ந்து பண்ணலாமா?”

“தாராளமா பண்ணுங்க. குப்புறப் படுக்கறது, ரொம்ப முறுக்கறது மட்டும் வேண்டாம்.”

‘சூடு’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. மென்று முழுங்கிவிட்டாள். சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரிந்தே முழுங்கினாள்.

அவள் கணவன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன், அதிகம் பேசாத ஆள். அந்த அடுப்புக்குள் போய்த்தான் செய்ய வேண்டுமா, கொஞ்ச நாள் வீட்டிலேயே செய்யக் கூடாதா என்று ஒருமுறை கேட்டான். டாக்டரே தாராளமாகச் செய்யச் சொல்லிவிட்டார், உடம்பும் பழகிவிட்டது என்று அவன் வாயை அடைத்தாள். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவனும் விட்டுவிட்டான்.

அந்த வாரம் பயிற்சிக்கூடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பும் படிவம் வந்தது. உடல்நிலையில் மாற்றம் உண்டா என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் மூன்று முறை திருப்பி அனுப்பியிருப்பாள்.

எண்பதாம் நாள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாயில் சரிந்து முழங்காலில் தலையைச் சாய்த்தாள். காதுக்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது. கதவு எட்டடி தூரத்தில்தான் இருந்தது. அவள் எழுந்து போகவில்லை. பயிற்சியாளர் வந்து கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டு, இனிமேல் குப்புறப் படுக்கும் ஆசனங்களை விட்டுவிடு என்று காதோடு சொன்னார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நூறாம் நாள் எல்லோரும் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து மூன்றாம் மாத ஸ்கேன். எடுத்த பெண் சட்டென்று பேச்சை நிறுத்தித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். குழந்தையின் தலை எலும்பு மூடவில்லை, மூளை சரியாக உருவாகவில்லை, பிறந்தாலும் பிழைக்காது என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். ஆரம்பத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“காய்ச்சலெல்லாம் இல்லைங்க. யோகா மட்டும்தான் பண்ணா. நாப்பது டிகிரி ரூம்ல, தினம் ஒண்ணரை மணி நேரம்” என்றான் கணவன். வெகுளியாகத்தான் சொன்னான்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

“சூடு பண்ணின ரூமா? எங்கிட்ட சொல்லலையேம்மா?”

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. முதல் ஒண்ணரை மாசத்துலதான் மூளை உருவாகற குழாய் மூடும், அது மூடினாத்தான் மேல எலும்பு வளரும். அந்த நேரத்துல அம்மா உடம்பு ரொம்பச் சூடாகக் கூடாது. உங்களுக்கு வேர்த்துச் சூடு இறங்கும். உள்ள இருக்கறதுக்கு வேர்க்க வழியில்லம்மா.” ஸ்கேன் படத்தை உறைக்குள் வைத்தார். “நானும் என்ன யோகான்னு கேட்டிருக்கணும்.”

அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியில் கருவைக் கலைத்துவிட்டு, காலியான வயிற்றோடு அவள் வீடு திரும்பினாள். கணவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ஒரு மாதம் கழித்துப் பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். பலகையில் அவளுடைய நூறு நட்சத்திரங்களும் அப்படியே பளபளத்தன. விஷயம் கேள்விப்பட்டிருந்த பயிற்சியாளர் பதறிப்போய் அவளுடைய படிவத்தைத் தேடி எடுத்து நீட்டினார்.

“நீயே ‘இல்லை’ன்னு எழுதியிருக்கியேம்மா.”

“எழுதினேன்க்கா. அது என் தப்பு, சாகற வரைக்கும் என் தப்பு. ஆனா குப்புறப் படுக்காதேன்னு ஏன் சொன்னீங்க?”

பயிற்சியாளர் படிவத்தை மேஜையில் வைத்தார். “பார்த்ததுமே சந்தேகமா இருந்துச்சு. கேட்டா நீ நின்னுடுவியோன்னு... நூறு நாள் முடிக்கப்போறியேன்னு... கேக்கல.” அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் பேனாவை எடுத்தாள். மேஜையில் இருந்த வெற்றுப் படிவத்தில், கடைசிக் கேள்விக்குக் கீழே எழுதினாள்: ‘கர்ப்பமா? இருக்கலாமோ என்ற சந்தேகமாவது உண்டா? உண்டென்றால் இந்த அறைக்குள் வர வேண்டாம்.’

“இதை எல்லாப் படிவத்துலயும் அடிச்சு வைங்க. நம்ம உடம்புக்குப் பழகினது வயித்துல இருக்கற உயிருக்குப் பழகாதுக்கா. டாக்டர்கிட்ட பாதியை மறைச்சு வாங்கற சம்மதம் சம்மதமே இல்ல. இது எனக்குத் தெரியாததில்ல, தெரிஞ்சும் கேக்காம விட்டேன். வர்றவளாவது தெரிஞ்சுக்கட்டும்.”

பயிற்சியாளர் எழுந்து பலகையிலிருந்த எல்லா நட்சத்திரங்களையும் பிய்க்க ஆரம்பித்தார். அவளும் பக்கத்தில் போய் நின்று தன்னுடைய வரிசையைப் பிய்த்தாள்.

மறுநாள் காலை எல்லோரும் படிவத்தை மறுபடி நிரப்பும்போது, அந்தப் புதுக் கேள்விக்கு வந்ததும் ஒரு பெண் பேனாவை மூடினாள். பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.