சுவரில் இருந்த துவாரம்

கடிதத்தை பெர்னடெற்தான் எழுதவேண்டும் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. அது தெரிந்த விஷயம். லண்டன் டூட்டிங் செபக்குழுவில் கவுன்சில் என்னும் நகரசபைக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, விசா அலுவலகத்துக்கோ ஆங்கிலத்தில் எது போனாலும் அவள் கையால்தான் போகும். மன்னாரில் சரித்திரம் படிப்பித்தவள். இங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் விரிப்பு மடிக்கிறாள்.

"பங்குச்சாமிக்கு ஒரு கடிதம்," என்றாள் டொலறஸ். குழுவின் தலைவி அவள். "இம்மாகுலேற்றைக் குழுவில இருந்து எடுக்கச் சொல்லி. அரைப் பக்கம் காணும். வாற சனிக்கிழமை ஒன்பது பேரும் கையெழுத்து வைப்பம்."

பெர்னடெற் தலையாட்டினாள். 1992ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அது.

மாதா சுரூபம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். போகும் வீட்டில் எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வார்கள். மூன்று கிழமைக்கு முன் முறை இம்மாகுலேற்றுடையது. பக்கத்து ஊரான மிச்சமில் அவளுடைய சின்னக் கவுன்சில் வீட்டில், செபமாலையின் மூன்றாம் பத்துமணி தொடங்கும்போது டொலறஸின் மகள் சுகந்தி முழந்தாளில் இருந்தபடியே சரிந்தாள். பன்னிரண்டு வயது. வெளியே தூக்கிக்கொண்டு போனதும் கண் திறந்தாள். தலை வெடிக்கிறது என்றாள். இம்மாகுலேற் அன்ரி தன்னையே பார்த்துக்கொண்டிருந்தா என்றும் சொன்னாள்.

அடுத்த கிழமை கோயில் மண்டபத்தில் மறைக்கல்வி வகுப்பில் அஞ்சலீனாவின் மகள் ஜெனிற்றா விழுந்தாள். அவளும் அதையே சொன்னாள்.

பிறகு ஆளாளுக்கு நினைவு வந்தது. இம்மாகுலேற் வந்து சாப்பிட்டுப் போன மறுகிழமைதான் அஞ்சலீனாவின் தம்பிக்கு விசா மறுத்தார்கள். புருஷன் காணாமற்போன செய்தி வந்த அன்றும் இம்மாகுலேற் அழவில்லை. வேலைக்குப் போகும் தாய்மாரின் நாலு பிள்ளைகளைப் பகலில் பார்த்துத்தான் அவள் சீவித்தாள். இப்போது ஒரு பிள்ளையும் அங்கே போவதில்லை.

டொலறஸ் கவுன்சில் வீட்டுக்கு எழுதிக் கொடுத்து மூன்று வருடம், இன்னும் கிடைக்கவில்லை. இம்மாகுலேற்றுக்குப் பதினெட்டு மாதத்தில் கிடைத்தது. இதை மட்டும் யாரும் நினைவுபடுத்தவில்லை. இரண்டு விண்ணப்பத்தையும் நிரப்பியவள் பெர்னடெற்.

புதன்கிழமை பின்னேரம் அவளுக்கு வகுப்பு. மறுபடி ஆசிரியை ஆவதற்கு இங்கத்தைய பரீட்சை ஒன்று வேண்டியிருந்தது. அந்த மாதக் கட்டுரை, முந்நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் சேலம் என்ற ஆங்கிலேயக் குடியேற்றத்தில் நடந்த சூனிய வழக்குகள் பற்றியது. பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள். காரணங்களை ஆராய்க.

பெர்னடெற் ஒழுங்காக எழுதியிருந்தாள். கண்டிப்பான மதம். காணிச் சண்டை. வடக்கே நடந்த யுத்தத்திலிருந்து தப்பி வந்த குடும்பங்கள், அந்தக் குடும்பங்களின் அனாதைப் பெண்பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் மேலே முதற் காரணமாக, தானியத்தில் பிடித்த பூஞ்சணம். அதைச் சாப்பிட்டதால்தான் பிள்ளைகளுக்கு வலிப்பு வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. யாரிலும் பிழையில்லாத காரணம்.

அந்தப் பந்திக்குப் பக்கத்தில் ஆசிரியை பென்சிலால் கேட்டிருந்தார்: பிள்ளைகள் விழுந்ததற்கு இது போதுமாக இருக்கலாம். பெரியவர்கள் பெயர் சொன்னதற்கு?

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பெர்னடெற் வீட்டுக்குப் போகாமல் மிச்சமில் இருக்கும் இம்மாகுலேற் வீட்டுக்கு பஸ் எடுத்தாள். எழுதமுன் ஒருக்கால் அவளைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது.

இம்மாகுலேற் கதவைத் திறந்தாள். "வாங்கோ அக்கா. தனியவோ வந்தனீங்கள்? தீர்த்தம், சிலுவை ஒண்டும் கொண்டரேல்லையோ?"

"விசர்க்கதை கதையாதையும்."

"விசர்க்கதையை நானோ தொடங்கினனான்?"

சின்னக் கதிரைகள் நாலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோடு அடுக்கியிருந்தன. இம்மாகுலேற் தேத்தண்ணி ஊற்றினாள். காஸ் ஹீற்றர் எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் கோப்பை முடியும்போது பெர்னடெற்றுக்கு நெற்றி கனத்தது.

"தலையிடிக்குது."

"எனக்கு ஒவ்வொரு நாளும் இடிக்குது. நான் சூனியக்காரி எண்டா எனக்கேன் இடிக்கவேணும்? சொல்லுங்கோ பாப்பம்."

பெர்னடெற் ஹீற்றரைப் பார்த்தாள். நீலமாக எரியவேண்டியது மஞ்சளாக எரிந்தது. மேலே சுவரில் கரி படிந்திருந்தது. பக்கவாட்டில் சின்ன எழுத்தில் ஒரு ஒட்டுத்தாள். குனிந்து வாசித்தாள். சுவரில் உள்ள காற்றுத் துவாரத்தை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது. மூடினால் நச்சுப்புகை அறையில் தங்கும். உயிராபத்து.

சுவரைத் தேடினாள். கதிரைகளுக்குப் பின்னால், தரைக்கு ஒரு சாண் மேலே சல்லடைத் தகடு இருந்தது. அதன் கண்களெல்லாம் நிறையப் பத்திரிகைத் தாள் திணித்திருந்தது.

"இதை ஆர் அடைச்சது?"

"நான்தான். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நானோ?"

"போன மார்கழி. அந்த ஓட்டையால சூடெல்லாம் வெளியில போகுது, பேப்பரை வைச்சு அடையும் எண்டு. பேப்பரும் நீங்கள் தந்ததுதான்."

சொன்னது நினைவிருந்தது. லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அவளுக்கும் யாரோ சொன்ன புத்திமதி. அவளுடைய வீட்டில் காஸ் ஹீற்றர் இல்லை. அதனால் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புதிதாக வந்த எல்லோருக்கும் அவள் அதைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஹீற்றரை நிறுத்தினாள். யன்னலைத் திறந்தாள். தாள்களை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தாள். மாதா வந்த அன்று இந்த அறையில் பதினொரு பேர். யன்னல் பூட்டியிருந்தது. சுகந்திக்குச் சளி, தடிமன் என்று ஹீற்றருக்குப் பக்கத்தில் இருத்தியிருந்தார்கள். இருத்தியவளும் பெர்னடெற்தான்.

"இதைத் திரும்பப் போடாதையும். ஆள் வந்து பாக்குமட்டும். நான் கவுன்சிலுக்கு எழுதுறன்."

"குளிருமே அக்கா."

"குளிரட்டும்."

திரும்பும் பஸ்ஸில் பங்குச்சாமிக்கான கடிதத்தை இரண்டு விதமாக மனதில் எழுதிப் பார்த்தாள். ஹீற்றர் பழுது என்று ஒன்று. அடைக்கச் சொன்னவள் என்று தன் பெயரோடு மற்றது. முதலாவது சுருக்கமாக இருந்தது. ஆனால் அதில் ஓட்டையை அடைத்த பழி இம்மாகுலேற்றில் விழும்.

சனிக்கிழமை டொலறஸ் வீட்டில் செபமாலை முடிந்தது. "கடிதம்?" என்றாள் டொலறஸ்.

"எழுதேல்லை," என்றாள் பெர்னடெற். பிறகு நின்றபடியே சொன்னாள். ஹீற்றர், ஒட்டுத்தாள், பத்திரிகைத் தாள். தான் சொல்லித்தான் அவள் அடைத்தாள் என்பதையும், சுகந்தியை அங்கே இருத்தியது தான் என்பதையும் சொன்னாள்.

மேசையில் மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது.

"என்ர பிள்ளை செத்திருப்பாள்," என்றாள் டொலறஸ்.

"ஓம்."

"நீர் சொன்னதால."

"ஓம் அக்கா."

டொலறஸின் முகம் அழுவதுபோல் ஒருமுறை மாறி மறுபடி இறுகியது. "அப்ப ஜெனிற்றா? மண்டபத்தில என்ன ஹீற்றர்? என்ன ஓட்டை?"

"அது எனக்குத் தெரியாது. சுகந்தி விழுந்ததைப் பாத்த பிள்ளை. பயந்திருக்கலாம்."

அஞ்சலீனா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போய் இருந்து தேத்தண்ணியும் குடிச்சனீரோ?" என்று கேட்டாள் டொலறஸ்.

"ரெண்டு கோப்பை."

"அதுதான் இப்பிடிக் கதைக்கிறா," என்றாள் டொலறஸ். மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். சோபாவில் பெர்னடெற்றின் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவள் தன் கைப்பையை எடுத்து மற்றப் பக்கம் வைத்தாள்.

பெர்னடெற் பையிலிருந்து வெறும் தாளையும் பேனையையும் எடுத்து மேசையில் வைத்தாள். "எழுதிறதெண்டா எழுதுங்கோ. நான் எழுதமாட்டன்."

ஒருவரும் பேனையைத் தொடவில்லை. அன்றைக்கு மாதா பெர்னடெற் வீட்டுக்குப் போகவேண்டிய முறை. அவள் சுரூபத்தை எடுக்கக் குனிந்தாள்.

"இந்தக் கிழமை இங்கயே இருக்கட்டும்," என்றாள் டொலறஸ்.

பஸ் தரிப்பில் நிற்கும்போது பின்னால் அவசரமாக யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. அஞ்சலீனா. பக்கத்தில் வந்து நின்று, தெருவைப் பார்த்தபடி கேட்டாள்.

"அக்கா, எங்கட அறையிலயும் காஸ் ஹீற்றர்தான். ஓட்டையில பழைய துவாய் அடைச்சிருக்கு."

"போன உடனை எடும். யன்னலைத் திறவும். வீட்டுக்காரன் வந்து பாக்குமட்டும் ஹீற்றரைப் போடாதையும்."

"சரி."

"அதையும் நானோ சொன்னனான்?"

"இல்லை. டொலறஸ் அக்கா." அஞ்சலீனாவுக்குச் சிரிப்பு வந்து அடங்கியது. "அவவுக்கு நீங்கள் சொல்லியிருப்பியள்."

பஸ் தூரத்தில் தெரிந்தது.

"வாற சனி இம்மாகுலேற் வீட்டில செபமாலை," என்றாள் பெர்னடெற். "மாதா இல்லாமல்தான். ஜெனிற்றாவையும் கூட்டிக்கொண்டு வாறீரோ?"

பஸ் வந்து நின்று கதவு திறந்தது.

"நான் வாறன்," என்றாள் அஞ்சலீனா. "பிள்ளையைப் பிறகு பாப்பம்."