அபிதகுசாம்பாளின் ஸ்கூட்டர் சீட்டு

உட்காருவதைப் பற்றி மட்டும் கந்தசாமிக்கு யாரும் பாடம் எடுக்கக் கூடாது. ஆரணியில் பட்டு நெய்கிறவர் அவர். முப்பது வருஷமாகத் தினமும் பத்து மணி நேரம் தறிக்குழியில் காலை இறக்கி, பலகையில் உட்கார்ந்து, மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய பலகை முன்பக்கம் ஒரு விரல்கடை சரிந்திருக்கும். பாரம் காலுக்கு இறங்கினால் முதுகு நோகாது என்பது அவரே கண்டுபிடித்தது. அந்தப் பலகையில் வேறு யாராவது உட்கார்ந்து எழுந்தால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும்.

அப்படிப்பட்ட மனுஷன் வீட்டில், அவர் மனைவி அபிதகுசாம்பாளுக்கு உட்கார முடியாமல் போனதுதான் கொடுமை.

ஆடி மாதத்தில் துணி துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கிப் பொத்தென்று விழுந்தாள். வால் எலும்பில் அடி. ரெண்டு மூணு மாதத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கார்த்திகை பிறந்தும் வலி போவேனா என்றது. தேவிகாபுரம் போகிற வழியில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் அவள் டீச்சர். பஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து மூணு கிலோமீட்டர் நடை. அதனால் அவளுக்கு ஸ்கூட்டர்தான் கதி. வேகத்தடை வந்தால் பாதி எழுந்து நின்றபடி ஓட்டினாள். போர்வையை மடித்துப் போட்டாள், தலையணையைக் கட்டிப் பார்த்தாள். எல்லாமே பாதி வழியில் நழுவிக்கொண்டன.

ஒருநாள் தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "வேலைய வுட்டுடறேன்னு முப்பதாம் தேதி எழுதிக் குடுத்துடலாம்னு கீறேன். சூப்பர்வைசர் மேடம்கிட்ட பேசிட்டேன். ஆபீசுக்கு வந்து லெட்டர் குடுங்கன்னாங்க."

"உன் இஷ்டம்" என்றார் கந்தசாமி. வாய்தான் அப்படிச் சொன்னது. பதினாலு வருஷ வேலை. இப்போது இருக்கிற பத்தொன்பது பிள்ளைகளில் எது முட்டையின் மஞ்சளைத் துப்பும், எதற்கு முதுகில் தட்டிக்கொடுத்தால்தான் தூக்கம் வரும் என்பதெல்லாம் அவள் சொல்லிச் சொல்லி அவருக்கே மனப்பாடம். அதை விட்டுவிட்டு வீட்டில் அடைந்து கிடந்தால் இவள் வாடிப்போவாள். அதை நினைத்தால் அவருக்குத் தோசை இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அபிதகுசாம்பாள் ஒரு கல்யாணத்துக்காகக் கண்ணமங்கலம் பஸ் ஏறினாள். அவள் தலை மறைந்ததும் கந்தசாமி ஸ்கூட்டரிலிருந்து சீட்டை மட்டும் கழற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, களம்பூர் ரோட்டில் வண்டி சீட்டு தைக்கிற கடை வைத்திருக்கும் அய்யாக்கண்ணுவிடம் போனார். லாரி சீட்டு, பஸ் சீட்டு எல்லாம் தைத்துத் தைத்து விரல் காய்த்த ஆள் அய்யாக்கண்ணு.

"ஓட்டறது யாருங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்லதான். இடுப்புக்குக் கீழ வலி."

"அவங்கள ஒருவாட்டி இட்டுகினு வாங்களேன். ஆளப் பாக்காம தெச்சா பின்னால பேஜாருங்க."

"ஒக்கார்றதப் பத்தி எனக்குத் தெரியாதா? ரெண்டு இஞ்ச் ஒசரம் குடுங்க. முன்னால சரிவா எறக்குங்க, எங்க தறிப் பலகையாட்டம். மேல இதப் போடுங்க." பையிலிருந்து அரக்கு நிறத்தில் ஒரு பட்டுத் துண்டை எடுத்தார். நெசவில் ஓர் இழை பிசகியதால் விற்காமல் வைத்திருந்தது.

அய்யாக்கண்ணு துண்டையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். "பட்டுங்க இது. மழையில நனைஞ்சா?"

"நனைஞ்சா வேற குடுக்கறேன்."

அதற்கு மேல் பேசி என்ன ஆகப்போகிறது? தைத்துக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஸ்கூட்டர் கல்யாணப் பெண்ணாட்டம் நின்றது. அபிதகுசாம்பாள் சிரித்தே விட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, பட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினாள். சாயந்திரம் அவள் திரும்பியதும் கந்தசாமி தறியிலிருந்தபடியே குரல் கொடுத்தார்.

"எப்படி கீது?"

"நல்லா கீது. மெத்துமெத்துனு கீது."

"வலி கொறஞ்சுதா?"

"கொறஞ்ச மாதிரிதான்."

அந்த வாரம் கந்தசாமி நெய்த சேலையில் வழக்கத்தைவிட ஒரு முழம் கூடுதலாக ஏறியது. மனசு லேசாக இருந்தால் கையும் லேசாகிவிடும் போலிருக்கிறது.

சனிக்கிழமை சாயந்திரம் ஜரிகை தீர்ந்துவிட்டது. சைக்கிள் பஞ்சர். கடை சாத்துவதற்குள் ஜல்தியாகப் போய் வந்துவிடலாம் என்று மனைவியின் ஸ்கூட்டரை எடுத்தார். தெருமுனை வேகத்தடையில் பிரேக் பிடித்ததுதான் தாமதம், வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் வழுக்குவதுபோல் முழு உடம்பும் சீட்டின் மேல் முன்னால் போய், ரெண்டு முழங்காலும் தகரத்தில் இடித்தன. வண்டி சாயப் பார்த்தது. காலை ஊன்றினால் கட்டைவிரல்தான் தரையைத் தொட்டது.

கந்தசாமி ஒன்றும் குள்ளமில்லை. அவளோ அவரைவிட ஒரு தலை உயரம் குறைவு. இதில் எப்படிப் போய் வந்தாள், அதுவும் ஆறு நாள்? வாய் கூசாமல் மெத்துமெத்துனு கீது என்றாளே. வெட்கமாகவும் இருந்தது, அவள்மேல் பிரியமாகவும் இருந்தது. ஜரிகையை மறந்து வண்டியைக் களம்பூர் ரோட்டுக்குத் திருப்பினார்.

அய்யாக்கண்ணு நல்ல மனுஷன். நான்தான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பிக்கவில்லை. "தறி நின்ன எடத்துல நிக்குதுங்க. வண்டி அப்படியா? பிரேக் புடிச்சா ஆளையே முன்னால தள்ளுது. சரி, போவட்டும். அவங்களுக்கு எங்க வலிக்குது? நடுவுலயா, ஒரு பக்கமாவா? ஒக்காரும்போதா, எழுந்திருக்கும்போதா?"

"கேட்டுகினு வர்றேன்" என்று கந்தசாமி வண்டியைத் திருப்பினார்.

ஆயிரக்கணக்கான இழை ஓடும் பாவில் ஒன்று அறுந்தால் பார்க்காமலே விரலால் தடவிக் கண்டுபிடிக்கிறவர் அவர். நாலு மாதமாகத் தினமும் மனைவியிடம் குறைந்ததா, குறைந்ததா என்றுதான் கேட்டிருக்கிறார். எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது அபிதகுசாம்பாள் சமையல் மேடையில் நின்றபடி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அரிவாள்மனையை வைத்துத் தரையில் உட்கார்ந்துதான் நறுக்குவாள். அது எப்போது மாறியது என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

"சீட்டு நல்லா கீதுன்னு ஏன் அபிதா பொய் சொன்ன?"

"ஆசையா செஞ்சுகினு வந்தீங்க. எப்படிச் சொல்றது?"

"எங்க வலிக்குது?"

கத்தி நின்றது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"எடது பக்கம். கொஞ்சம் கீழ. ஒக்காந்த கொஞ்ச நேரத்துல மரத்துப்போவும், எழுந்திருக்கும்போதுதான் குத்தும்." நறுக்கிய பீன்ஸை ஓரமாகத் தள்ளினாள். "எல்லாரும் கொறஞ்சுதான்னுதான் கேக்கறாங்க. இல்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கே சங்கடமா போச்சுங்க."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கந்தசாமிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளிடமிருந்து கத்தியை வாங்கி மிச்ச பீன்ஸை நறுக்க ஆரம்பித்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்படியே குழம்பில் போட்டாள்.

மறுநாள் ரெண்டு பேரும் சேர்ந்து போனார்கள். அய்யாக்கண்ணு, களம்பூர் மில்லிலிருந்து வாங்கி வைத்திருந்த அரிசித் தவிட்டைத் தண்ணீர் தெளித்துப் பிசறி, பாதி கோணியில் தட்டையாகப் பரப்பி, சீட்டு இருக்கும் இடத்தில் வைத்தார். "ஓட்டறாப்பலயே ஒக்காருங்கம்மா. பிரேக் புடிக்கற மாதிரி ஒருவாட்டி புடிங்க" என்று சொல்லிவிட்டு, தான் ரோட்டுப் பக்கம் திரும்பி, போகிற லாரிகளை எண்ணுகிறவர்போல் நின்றுகொண்டார்.

அபிதகுசாம்பாள் கூச்சத்தோடு உட்கார்ந்து எழுந்தாள். கந்தசாமி குனிந்து பார்த்தார். வலப்பக்கம் ஆழமாக ஒரு குழி. இடப்பக்கம் கை ஒற்றி எடுத்த அளவுக்குத்தான் தடம். நாலு மாதமாக, போக வர, அத்தனை பள்ளத்திலும் மேட்டிலும் ஒற்றைத் தொடையில் உட்கார்ந்து போயிருக்கிறாள். அந்த லேசான தடத்தை அவர் விரலால் தொட்டார். கண் கலங்கிவிட்டது. தவிடு விழுந்துவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார். அவள் நம்பவில்லை, ஆனால் ஊதிவிட்டாள்.

பட்டு போயிற்று. உயரம் பழைய அளவுக்கு வந்தது. முன்பக்கம் லேசாகத் தூக்கி, பின்னால் வால் எலும்பு படும் இடத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, இடப்பக்கம் மட்டும் மெத்தென்ற ஃபோம் வைத்து, மேலே சொரசொரப்பான கறுப்பு ரெக்சின் தைத்தார் அய்யாக்கண்ணு. நடுவில் ஒருமுறை கந்தசாமி யோசனை சொல்ல வாயெடுத்தார். மனைவி பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

முப்பதாம் தேதி வந்தது. காலையில் டிபன் கட்டினாள், தலை சீவினாள், பூ வைத்தாள். லெட்டரைப் பற்றி அவளும் பேசவில்லை, கேட்க அவருக்கும் தைரியம் வரவில்லை. ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. கந்தசாமி தறியில் இருந்தார், கை ஓடவில்லை. எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாகத் தெருவுக்கு வந்தார். தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் சூப்பர்வைசர் ஆபீஸ். வலப்பக்கம் தேவிகாபுரம் ரோடு.

வேகத்தடையில் அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஏறி இறங்கினாள். முனைக்குப் போனதும் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"இன்னாங்க, இங்க வந்து நின்னுகினு கீறீங்க?"

"சும்மாதான்."

அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். "வலி இன்னும் கீதுங்க. ஆனா தாங்கலாம். லெட்டர் எழுதல. போய் தறியப் பாருங்க."

வலப்பக்கம் திரும்பிப் போனாள். கந்தசாமி தறியைப் பார்க்கப் போகவில்லை. முதுகை நிமிர்த்தி, காற்றில் முந்தானை படபடக்க, ரெண்டு பஸ்ஸுக்கு வழிவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள். பதினாலு வருஷமாக அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் தறிக்குழிக்குள்தான் இருந்திருக்கிறார். அவள் போவதை அன்றுதான் பார்த்தார்.