பிணம் கால் உதைக்கக் கூடாது

நீச்சல் குளத்துக் காவலருக்குக் கொக்கு என்று பட்டப்பெயர். உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால் இமைக்காமல் தண்ணீரையே பார்த்திருப்பார். எவராவது தத்தளித்தால் குதித்துத் தூக்கிவிடுவார். கொக்குக்கும் அவருக்கும் உள்ள ஒரே வித்தியாசம் தொப்பை.

தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காததுதான் அவருடைய தொழில் பெருமை. அந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது.

புதன்கிழமை மாலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று மேலாளர் ஒதுக்கியிருந்தார். எதிரே இருந்த ஆயத்த ஆடை ஆலையிலிருந்து பெண்கள் வேலை முடிந்து வந்தார்கள். நாள் முழுக்கத் தையல் மெஷின் முன் குனிந்து விறைத்துப்போன முதுகுகள். ஆனால் வந்தவர்கள் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தபடி ஊர்க்கதை பேசிவிட்டுக் கிளம்பினார்கள். தண்ணீருக்குப் பயம் என்று நினைத்த கொக்கு, மல்லாந்து மிதந்து காட்டினார். குட்டிக்கரணம் அடித்தும் காட்டினார். அவர்கள் காலையும் வெளியே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மாதமும் யாரும் இறங்காவிட்டால் அந்த நேரத்தை நீச்சல் கிளப் ஆண்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றார் மேலாளர். கொக்கு வீட்டுக்கு வந்து புலம்பினார். அதே குளத்தின் வாசலில் டிக்கெட் கிழிக்கும் அவர் மனைவி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க தண்ணிக்குப் பயப்படலங்க. உங்க கண்ணுக்குத்தான் கூச்சப்படறாங்க."

"நான் அப்படியா பார்க்கறேன்?"

"நீங்க எப்படிப் பார்த்தா என்ன? நனைஞ்ச துணி உடம்புல எப்படி ஒட்டும்னு அவங்களுக்குத் தெரியும்ல."

கண்ணை மூடிக்கொண்டு காவல் காக்க முடியாது. காவல் இல்லாமல் குளத்தைத் திறக்கவும் முடியாது. பெண் காவலருக்கு எங்கே போவது என்று மேலாளர் கைவிரித்தார். அப்போதுதான் மனைவி, தான் சின்ன வயதில் நன்றாக நீந்தியதையும், வளர்ந்ததும் 'போதும், ஏறு' என்று அண்ணன்கள் கரையேற்றிவிட்டதையும் சொன்னாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் கொக்கு ஒருமுறைகூடக் கேட்காத கேள்விக்கு அது பதில்.

அவளையே காவலராக்க, குளம் திறக்கும் முன் காலையில் பயிற்சி தொடங்கியது. நீச்சல் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டது. காவலர் தேர்வின் கடைசிப் பகுதியில்தான் இடித்தது. மயங்கிக் கிடக்கும் ஆளை ஆழத்திலிருந்து இழுத்து வர வேண்டும். மயங்க வேறு யார் கிடைப்பார்கள்? கொக்குதான் மயங்கினார். ஆனால் அவள் மூச்சு வாங்குவது கேட்டதும் அவர் கால் தண்ணீருக்குள் திருட்டுத்தனமாக உதைக்கும்.

"பிணம் கால் உதைக்குமா?" என்பாள்.

"பாவமா இருக்கு. என் எடை எனக்குத் தெரியாதா?"

"நீங்க உதைச்சா, பாஸாகறது நீங்கதான்."

தேர்வாளர் வந்தார். கொக்கின் கால் அசைந்தால் அவள் தோல்வி. அடுத்த தேர்வுக்குள் புதன்கிழமை பறிபோயிருக்கும். அவள் கை அவர் தாடைக்கு அடியில் வந்தது. பாதி வழியில் வேகம் குறைந்தது. அவளுடைய மூச்சு அவர் காதில் இரைந்தது. அவருடைய கால் கட்டைவிரல் உதைக்கத் துடித்தது. கொக்கு, தண்ணீரில் இருக்கும்போது செய்யவே செய்யாத ஒன்றைச் செய்தார்: கண்ணை மூடிக்கொண்டார். தொப்பை உட்பட மொத்த எடையையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டார்.

தலை கரையில் இடித்தபோதுதான் வந்து சேர்ந்தது தெரிந்தது. தேர்வாளர் தலையசைத்தார்.

"வலிக்குதாங்க?"

"பிணத்துக்கு வலிக்குமா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அடுத்த புதன்கிழமை உயர நாற்காலியில் அவள். வாசலில் டிக்கெட் கிழிக்க அவர். சாத்திய கதவுக்கு அப்பால் முதலில் வெறும் பேச்சுதான் கேட்டது. பிறகு தொபீர் என்று ஒரு சத்தம். ஒரு அலறல். கொக்கு எழுந்துவிட்டார், கை விசிலைத் தேடியது. விசில் உள்ளே, அவள் கழுத்தில். அலறல் சிரிப்பாக மாறியது. தொடர்ந்து தொபீர், தொபீர். அவர் உட்கார்ந்தார்.

தாமதமாக ஓடிவந்த ஒருத்தி, "அண்ணே, இறங்கிட்டாங்களா?" என்றாள்.

"ஓடும்மா," என்றார் டிக்கெட்டைக் கிழித்தபடி. "லேட்டானா கரையிலதான் இடமிருக்கும்."