ஓட்டா மேல எதையும் வைக்காதீய

உலகம்மாளுக்கு நேர் எதிரே இருப்பது நன்றாகத் தெரியும். அதுதான் தொல்லையாகப் போயிற்று. எதிர்ச்சுவர்க் காலண்டரில் தேதி வாசிப்பாள். அரிசியில் கிடக்கும் பொடிக் கல்லைப் பொறுக்கிவிடுவாள். ஆனால் வலக்கைப் பக்கம் ஒரு குடமே இருந்தாலும் அவளுக்குத் தெரியாது. பக்கப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இந்தச் சொட்டு மருந்து என்று சயான் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் சொல்லி அனுப்பினார். குழாய்க்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று அவளும் வீட்டில் சொல்லிப் பார்த்தாள். கணவர் பிரம்மநாயகம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் சட்டைப் பொத்தான் அறுந்தபோது அவளிடம்தான் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னார். அவளும் கோத்துக் கொடுத்தாள். பிறகு யார் நம்புவார்கள்?

தாராவியில் பழைய குடிசைகளை இடித்துக் கட்டிய கட்டடத்தில் நாலாவது மாடி. ஒரே அறை, அதன் கோடியில் சமையல். கறுப்புக்கல் பதித்த அடுப்பு மேடையை அங்கே எல்லோரும் ஓட்டா என்பார்கள். ஓட்டா காலியாக இருந்தால் உலகம்மாளுக்கு எந்தக் குறையும் இல்லை. அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, கல் எங்கே முடிகிறது என்று கைக்கே தெரியும். மசாலா டப்பாக்களை மேல் பலகைக்கு ஏற்றினாள். மிக்ஸியைக் கீழே தள்ளினாள். வீட்டாரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஓட்டா மேல மட்டும் எதையும் வைக்காதீய. வேற எங்க வேணும்னாலும் வச்சுக்கிடுங்க.”

எல்லோரும் மனதாரத்தான் சரி என்றார்கள். ஆனால் அந்த வீட்டில் வேறு எங்கே என்பதுதான் இல்லையே. தையல் பட்டறையிலிருந்து வரும் பிரம்மநாயகம் கொத்தமல்லிக் கட்டையும் மாத்திரை அட்டையையும் வைப்பார். மருமகள் ஷாலினி முலுண்டில் வேலை முடிந்து ரயிலில் நசுங்கி வந்து, தோளில் கிடக்கும் பையை இறக்க இடம் தேடுவாள். மகன் கணேசபாண்டியனுக்குப் போன் சார்ஜர் மாட்ட அங்கேதான் பிளக். உலகம்மாள் ஏதாவது சொன்னால், “அரே, தோ மினிட்மா! இப்ப எடுத்துருதேன்” என்பான். பிறகு மறந்துவிடுவான். அவளே தடவித் தடவி ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போடுவாள். தூங்கப் போகிறவர்கள் அதை மறுபடி ஓட்டாவுக்கே கொண்டுவருவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணேசபாண்டியன் பைக்கில் போய் மீன் வாங்கி வந்தான். ஷாலினி தொட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சோறு வெந்துவிட்டது. உலகம்மாள் பானையைத் துணிபிடித்துத் தூக்கி, கஞ்சி வடிக்கத் தொட்டிப் பக்கம் திரும்பினாள். பானை எதிலோ இடித்தது. கை தவறியது. ஷாலினி அலறினாள்.

கொதிகஞ்சி அவள் பாதம் முழுக்க ஊற்றியிருந்தது. கணேசபாண்டியன் ஓடிவந்து மனைவியைத் தூக்கிக் குழாயடியில் காலைக் காட்டினான். உலகம்மாள் வெறுங்கையோடு நின்றாள். அவள் காலடியில் சோற்றுக்கு நடுவே அவனுடைய ஹெல்மெட் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கூட்டி வந்த பிறகு அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம்.

“எம்மா, இனி நீ அடுப்புப் பக்கம் போவாண்டாம். ஒனக்குக் கண்ணு தெரியல.”

“அதத்தானல ராசா இத்தன நாளும் சொல்லுதேன்.”

“அதான். இனி போவாண்டாம்.”

கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த ஷாலினி சொன்னாள்: “அத்தை மேல தப்பில்லைங்க. ஹெல்மெட்ட அங்க வச்சது நீங்க.”

“பின்ன எங்க வைக்க? கீழ பைக்குல விட்டா களவு போகுது. உள்ள எங்க எடம் இருக்கு, நீயே சொல்லு.”

ஷாலினி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். எங்கு பார்த்தாலும் சாமான்.

கால் ஆறியதும் ஷாலினி விடியற்காலையில் எழுந்து சமைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவசரத்தில் எடுத்தது எடுத்த இடத்தில் இருக்கும். எண்ணெய்ச் சட்டி, தோல் சீவிய கத்தி, மூடாத டப்பாக்கள். அவளைக் குறை சொல்ல உலகம்மாளுக்கு மனம் வரவில்லை. வடுப்பட்ட காலோடு ரயிலைப் பிடிக்க ஓடுகிற பெண்.

ஒரு பிற்பகல் வீட்டில் யாருமில்லை. தேநீர் குடிக்க வேண்டும் போலிருந்தது உலகம்மாளுக்கு. கீழே டீக்கடையில் சொன்னால் கொண்டுவருவார்கள்தான். அவளுக்குத் தானே போட வேண்டும் போலிருந்தது. ஓட்டாவில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் சுவரோரமாக வைத்தாள். கத்தியை முதலில் எடுத்தாள். கல்லைத் துணியால் துடைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தாள். எதுவும் தட்டவில்லை. பால் பாக்கெட்டை வெட்டிச் சட்டியில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்று பட்டறையில் கரண்ட் இல்லாமல் பிரம்மநாயகம் முன்னதாகவே வந்துவிட்டார்.

“ஏளா, என்னது இது? தரை பூராவும் சாமான். கால் வைக்க வழியில்ல.”

“செத்த நேரம் இருக்கட்டுங்க. டீ போட்டுட்டு எடுத்து வச்சிருதேன்.”

“நீ போயி உக்காரு. நா போட்டுத் தாரேன். பய வந்து பாத்தா என்னையத்தான் ஏசுவான்.”

அவர் அடுப்பை அணைத்தார். அவளைத் தோளைத் தொட்டுக் கட்டிலுக்குக் கூட்டிப்போனார். முரட்டுத்தனமாக இல்லை, ரொம்பப் பதமாகத்தான். பிறகு குனிந்து எண்ணெய்ச் சட்டியையும் டப்பாக்களையும் கத்தியையும் அள்ளி மறுபடி ஓட்டாவில் ஏற்றினார். ஒவ்வொன்றும் கல்லில் உட்காரும் சத்தம் அவளுக்குக் கேட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் சொன்னதும் சரிதான். தரையில் கிடந்தால் அவளே தடுக்கி விழுவாள்.

“டீத்தூள் எங்க வச்சிருக்க?”

உலகம்மாள் யோசித்தாள். முன்பு மேல் பலகையில் இடப்பக்கம் இருந்தது. ஷாலினி மாற்றியிருக்கிறாள். எங்கே என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

“எனக்குத் தெரியலைங்க” என்றாள்.

அவர் டப்பா டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.