நெல்லூர் அறையின் சாவி

ஜெயராமனுக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது. தெரியாததையும் தெரிந்த மாதிரியே அடித்துச் சொல்வான், அதுதான் தொல்லை. அண்ணி கெங்கம்மாள் நெல்லூரில் ஒரு தையல் கம்பெனியில் ஒன்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து, செப்டம்பரில் ரிட்டயர் ஆகி வெள்ளானூரில் வந்து இறங்கியதுமே குண்டைத் தூக்கிப் போட்டான்.

“அண்ணி, கணக்கு வருஷத்துக்கு நடுவுல ஸ்டேட்டு மாறுனா பி.எஃப்., கிராஜுவிட்டி அல்லாத்துக்கும் ரெண்டு கவர்மென்டும் வரி புடிப்பான். மார்ச் வரைக்கும் நெல்லூர்லயே இரு.”

சம்பளத்தில் ஆந்திரா தொழில் வரி பிடித்ததை அவளே பார்த்திருக்கிறாள். அதனால் நம்பிவிட்டாள். புருஷன் மதுரைவீரனைப் பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் பார்த்தவள், இன்னும் ஆறு மாதம் அந்த ஒற்றை அறையில் தனியாகக் கிடக்க வேண்டுமா? நினைத்தாலே அழுகை வந்தது. பையைக்கூடப் பிரிக்கவில்லை. அறைச் சாவி இடுப்பிலேயே இருந்தது.

திரும்பிப் போகும் நாளன்று மனசு கேட்கவில்லை. புருஷனை ஸ்டேஷனில் நிற்கச் சொல்லிவிட்டு, ஜெயராமனை இழுத்துக்கொண்டு ஆவடியில் ஆடிட்டர் மதிவதனியிடம் போய் உட்கார்ந்தாள்.

மதிவதனி சிரித்துவிட்டாள். “இன்கம் டாக்ஸ் நாடு முழுக்க ஒண்ணுதாம்மா. எந்த ஸ்டேட்டுக்குப் போனாலும் அதே கணக்குதான். அஞ்சு வருஷத்துக்கு மேல வேலை பார்த்திருக்கீங்க, உங்க பி.எஃப்.புக்கு வரி இல்ல. கிராஜுவிட்டியும் வரம்புக்குள்ளதான் இருக்கு.”

“அப்போ அந்தத் தொழில் வரி?” ஜெயராமன் விடவில்லை.

“அது சம்பளத்துக்குங்க. சம்பளம் நின்னா அதுவும் நின்னுடும். பி.எஃப்., கிராஜுவிட்டிக்கெல்லாம் அது கிடையாது.”

கெங்கம்மாளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தெருவில் நின்றே நெல்லூர் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, தனக்குத் தெரிந்த தெலுங்கில், அறையைக் காலி செய்வதாக உரக்கச் சொன்னாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

ஸ்டேஷனில் மதுரைவீரன் ஒரே ஒரு டிக்கெட்டோடு நின்றிருந்தான்.

“இன்னாயா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற? இன்னும் ரெண்டு டிக்கெட்டு எடு.”

“இன்னாத்துக்கு?”

“பீரோ, கட்டில், கிரைண்டர் அல்லாத்தையும் ஏத்திகினு வரத்துக்குத்தான். நாளைலருந்து நம்ம ஊட்லதான் எனக்குச் சோறு.”

மதுரைவீரன் அத்தனை பேர் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரித்ததில்லை.

ஜெயராமன் மெதுவாக நழுவப் பார்த்தான். “அண்ணி, எனக்கு முதுகு வலி...”

கெங்கம்மாள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவன் கையில் அழுத்தினாள்.

“கிரைண்டர் கல்லு ஒனக்குத்தான் நைனா. வா.”