கடைசி இரண்டு நிமிடம்

கார்க்லுபே ஊரின் முகப்பில், 'கூடைப்பந்து வீரர் டௌத்விதாஸ் பிறந்த ஊர் உங்களை வரவேற்கிறது' என்று ஒரு பலகை நின்றது. நகராட்சியோடு மல்லுக்கு நின்று அதை வைக்கச் செய்தவர் மருந்துக்கடை வைகந்தாஸ். அந்த வீரன் காவ்னாஸ் நகர அணியில் சேர்ந்து, தேசிய அணிக்கும் தேர்வானதிலிருந்து, இருமல் மருந்து வாங்க வந்தவரைக்கூட டௌத்விதாஸ் புராணம் பாடாமல் அவர் அனுப்பியதில்லை.

கடை சாத்திய பிறகு அவருக்கு இன்னொரு வேலை. இணையக் கலைக்களஞ்சியத்தில் கூடைப்பந்து வீரர்களின் பக்கங்களை எழுதுவது. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். டௌத்விதாஸின் பக்கத்தில் 'பிறந்த இடம்: கார்க்லுபே' என்று அவர் எழுதுவார். காலையில் பார்த்தால் பக்கத்து ஊரான 'ஷிலேனை' என்று மாறியிருக்கும். மாற்றுகிற ஆசாமியின் புனைபெயர் 'ஊறிய வெள்ளரி'.

"பெற்றோர் குடியிருந்தது கார்க்லுபே. பழைய உள்ளூர்ப் பத்திரிகையிலும் அப்படித்தான் இருக்கிறது" என்பார் வைகந்தாஸ். "குடியிருந்த இடத்திலா பிள்ளை பிறக்கும்? ஆஸ்பத்திரி இருப்பது ஷிலேனையில். அணியின் ஆண்டு மலரைப் பாரும்" என்று பதில் வரும். உயரம், எடை, இடது கையா வலது கையா என்று சண்டை கிளைவிட்டு வளர்ந்தது. இருவருக்கும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசியில் நிர்வாகிகள் வெறுத்துப்போய்ப் பக்கத்தையே பூட்டிவிட்டார்கள்.

வைகந்தாஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஷிலேனை என்று முடிவானால் பலகை இறங்கும். பலகை இறங்கினால் ஊர்ச் சிரிப்பு அவருடைய கடைவாசலில்தான் வந்து நிற்கும். யோசித்து யோசித்து வெள்ளரிக்கு எழுதினார்: 'பெற்ற தாயையே கேட்டுவிடுவோம். பக்கத்துக்காக இல்லை, நம் மனசுக்காக.'

மனசுக்காக என்று அவர் சொன்னதில் காரணம் இருந்தது. கலைக்களஞ்சியத்தின் சட்டப்படி, வாய்வார்த்தை செல்லாது. பெற்றவளே சத்தியம் செய்தாலும் அச்சிலோ ஒளிபரப்பிலோ வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டௌத்விதாஸின் பெற்றோர் வீட்டு வாசலில் அவர் பூங்கொத்தோடு நின்றபோது, பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. ரப்பர் பூட்ஸும் சிவந்த கன்னமுமாக ஒரு பெண் இறங்கினாள். ஷிலேனை மாட்டு டாக்டர் ஜிவிலே.

"நீங்கதான் வெள்ளரியா?" வைகந்தாஸ் வாயைப் பிளந்தார். "நான் யாரோ வெட்டிப் பையன்னு நெனச்சேன்."

"நான் உங்கள எண்பது வயசுக் கிழவர்னு நெனச்சேன். எழுத்துல அவ்வளவு முணுமுணுப்பு!"

கதவு திறந்ததும் வைகந்தாஸ் கை நீட்டினார். "ஐயோ, வாசப்படிக்கு மேல கை குடுக்காதீங்க, சண்டை வந்துடும்," என்று டௌத்விதாஸின் தாய் சலமேயா அம்மாள் அவரை உள்ளே இழுத்தார்.

"அது ஏற்கெனவே வந்தாச்சும்மா," என்றாள் ஜிவிலே.

மேஜையில் பீட்ரூட் போட்ட குளிர்ந்த மோர்ச்சாறு ரோஜா நிறத்தில் இருந்தது. பக்கத்தில் ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு. கணவர் ஸ்டாசிஸ், பேச்சை அளந்து பேசும் ஆகிருதியான மனிதர், ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் அவருடைய கத்தி நின்றது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கம்மா போய்ச் சேர்ந்தாச்சு. இனிமே யாருக்குப் பயப்படணும்?" என்று ஆரம்பித்தார் அம்மாள். "வலி எடுத்துச்சு. கார்ல ஷிலேனை ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினோம். அன்னிக்கு நம்ம தேசிய அணி ஆடுது. ரேடியோ பாதி வழியில கொரகொரன்னு நின்னுபோச்சு. வழியில கொல்லன் விடுதி இருக்குல்ல? உள்ள டிவி ஓடுது. ஆட்டம் முடிய இன்னும் ரெண்டே நிமிஷம்..."

வைகந்தாஸ் கரண்டியை வைத்துவிட்டார். ஜிவிலே கன்னத்தில் கை வைத்தாள். கூடைப்பந்தில் கடைசி இரண்டு நிமிடம் என்பது எத்தனை நேரம் என்று அந்த நாட்டில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஒரு ஃபவுல், ஒரு இடைவேளை, மறுபடி ஒரு ஃபவுல் என்று அது அனுமார் வால் போல நீளும்.

"அரை மணியா?" என்றாள் ஜிவிலே.

"ஸ்கோர் சமமாகிக் கூடுதல் ஆட்டம் வேற வந்துடுச்சு டாக்டரம்மா. எழுந்திருக்கலாம்னு பார்த்தா முடியல. சமையக்கார அம்மாதான் சமையக்கட்டுல பிரசவம் பார்த்தா. இவன் வீல்னு கத்தினான், வெளியில கூட்டமே ஓன்னு கத்திச்சு. எம்புள்ளைக்காகத்தான்னு பூரிச்சுப்போனேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, மூணு புள்ளி விழுந்திருக்கு."

"நான்தான் காரை நிறுத்தினேன்," என்றார் ஸ்டாசிஸ் மெதுவாக.

"பொய் சொல்லாதீங்க. நிறுத்து நிறுத்துன்னு கத்தினது நான். அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டிருப்பா. கேட்டா நான்தான்னு சொல்லிக்கறேன்னார் இந்த மனுஷன். அதனாலதான் ஆஸ்பத்திரின்னே சொல்லி வச்சோம்."

"பிரேக் என் கால்லதானே இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு ஸ்டாசிஸ் மறுபடி ரொட்டி வெட்டினார். அம்மாள் அவர் முதுகில் செல்லமாக ஒரு அடி வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த வைகந்தாஸுக்கு அந்த நேரம் பலகை ஞாபகமே வரவில்லை.

வெளியே வந்ததும் வந்தது. கொல்லன் விடுதி கார்க்லுபேயிலும் சேராது, ஷிலேனையிலும் சேராது.

"ரெண்டு பேருக்கும் பட்டை நாமம்," என்றாள் ஜிவிலே. "ஆனா இதை எழுத முடியாது. அச்சுல இல்ல. நீங்க கார்க்லுபேன்னே வச்சுக்கிட்டாலும் உங்க பத்திரிகைச் சான்று இருக்கு. நான் சண்டைக்கு வரல."

வைகந்தாஸுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஆனால் தெரிந்தே ஒரு பொய்யை எழுத அவருக்குக் கை வரவில்லை.

"வேணாம் டாக்டரம்மா. காலியா விட்டுடுவோம்."

இருவரும் சேர்ந்து கேட்டதும் நிர்வாகிகள் பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். பிறந்த இடம் காலியாக நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பலகையில இருக்கு, கம்ப்யூட்டர்ல இல்லையே, பையன் பொறந்தானா இல்லையா?" என்று மாத்திரை வாங்க வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். வைகந்தாஸ் மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்து அனுப்பினார். ஊர் கேலி உறைத்ததுதான். ஆனாலும் தூக்கம் நன்றாகவே வந்தது.

இலையுதிர் காலத்தில் தேசிய அணி ஆடிய ஒரு மாலை. கடைசி இரண்டு நிமிடத்தை வழக்கம்போல இழுத்தடித்து நம் ஆட்கள் ஜெயித்தார்கள். வெற்றிக்கூடை போட்டவன் டௌத்விதாஸ். வேர்வை வழிய நின்றவனிடம், கடைசி நிமிடத்தில் எப்படி இவ்வளவு நிதானம் என்று டிவிக்காரப் பெண் கேட்டாள்.

அவன் சிரித்தான். "நான் பொறந்ததே கடைசி ரெண்டு நிமிஷத்துலதாங்க. கொல்லன் விடுதியில. எங்கம்மா ஆட்டத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்னுட்டாங்க. போன வாரம்தான் என்கிட்டயே சொன்னாங்க."

நாடே கேட்டது. ஒளிபரப்பிலும் வந்தாயிற்று. வைகந்தாஸ் செருப்பைக்கூட மாட்டாமல் கணினிக்கு ஓடினார். 'பிறந்த இடம்: கொல்லன் விடுதி, கார்க்லுபே – ஷிலேனை சாலை' என்று தட்டிச் சேமித்தார். திரையில் பழைய எரிச்சலூட்டும் அறிவிப்பு வந்தது: நீங்கள் எழுதும்போதே வேறொருவர் இதே இடத்தை மாற்றிவிட்டார்.

வெள்ளரிதான். படித்துப் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து அவர் எழுதிய அதே வரி.

தொலைபேசி அடித்தது. "முந்திக்கிட்டேனா?" என்றாள் ஜிவிலே.

"முந்திக்கிட்டீங்க. நாளைக்குப் பலகையைக் கழட்டணும். ஊரே வேடிக்கை பார்க்க வரும்."

"ஏணியப் பிடிக்க நான் வரேன். ஊருங்கற வார்த்தையை அழிச்சு விடுதின்னு எழுதி, கொல்லன் விடுதிச் சுவத்துல மாட்டிடலாம். ஆணி அடிக்க எடம் விட்டு வைக்கச் சொல்லி மதியமே போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

"மதியமேவா? ஆட்டம் சாயந்திரம்தானே?"

"சலமேயா அம்மா ஃபோன் பண்ணினாங்க. பையன் இன்னிக்குச் சொல்லிடுவான்னு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாங்க. ஊர்க் கேலியைத் தாங்கிக்கிட்டு ரகசியத்தைக் காப்பாத்தின நீங்க, அந்தச் சந்தோஷத்தை டிவிலயே பார்த்துத் தெரிஞ்சுக்கணுமாம்."